பட்டியலில் இல்லாத காரணம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் விரிவுரையாளர்களிடம் வந்து ஒரு மணி நேரம் பேசும்படி கல்லூரியிலிருந்து கேட்டிருந்தார்கள். ‘உங்கள் பணிக்காலத்தின் இனிய நினைவுகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்’ என்று கடிதத்தில் இருந்தது. இனிய நினைவுகள் என்னிடம் நிறைய உண்டு. அவற்றால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அதனால் பேச வரவில்லை, எழுதித் தருகிறேன். படிப்பதும் படிக்காததும் உங்கள் விருப்பம்.

இருபத்தாறு ஆண்டுகள் ஒரே பாடத்தை எடுத்தேன். வணிகம் படிக்க வரும் முதலாண்டு மாணவர்களுக்கான தகவல் முறைமை அறிமுகம். யாருக்கும் பிடிக்காத பாடம் இது. கணக்கியல் படிக்க வந்தவனுக்கு இது எதற்கென்று தெரியாது. மார்க்கெட்டிங் படிக்க வந்தவள் மேசைக்கடியில் போனை நோண்டிக்கொண்டிருப்பாள். மூத்தவர்கள் நழுவிவிட்டு, புதிதாக வந்தவர் தலையில் இதைக் கட்டுவார்கள். இப்போது உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

முதல் வகுப்பில் தரவு வேறு, தகவல் வேறு என்று சொல்லித்தர வேண்டும். அதற்கு என் அத்தாவின் சாப்பாட்டுக் கடையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். கோல சிலாங்கூர் டவுனில் அந்தக் கடை இருந்தது. “ஆறு என்பது தரவு. ஆறாம் மேசைக்காரருக்குக் காரம் ஆகாது என்பது தகவல்” என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு, எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள் என்று சொல்லிக்கொடுப்பேன். இதை யார் பதிந்தார்? யார் சரிபார்த்தார்? இதை வைத்து யார் முடிவெடுக்கிறார்? இந்த மூன்றையும் கரும்பலகையிலும், பிறகு வெள்ளைப் பலகையிலும், பிறகு திரையிலும் எழுதியிருக்கிறேன். என்னை நானே ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டு முன்பு யோகேஸ்வரி என் வகுப்பில் இருந்தாள். கோல சிலாங்கூரிலிருந்து இருபது நிமிடம் உள்ளே போனால் வரும் ஒரு செம்பனைத் தோட்டம் அவள் ஊர். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அம்மா பாக்கியம் அங்கே களைக்கொல்லி மருந்து அடிக்கும் வேலை செய்தார். அப்பா இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்தாலும் அவள் வாய் திறந்து பேசியது குறைவு. வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அதற்குப் பதில் தேடி அன்றிரவு புத்தகத்தைப் புரட்டுவேன்.

அந்தப் பருவத்து ஒப்படைப்பு உங்களுக்கும் தெரிந்ததுதான், இன்னும் மாற்றவில்லை என்று நினைக்கிறேன். உண்மையான ஒரு வேலையிடத்துக்குப் போய், அங்கே தகவல் எங்கே பிறக்கிறது, யார் கைக்கெல்லாம் போகிறது, எங்கே முடிவாகிறது என்று வரைந்து எழுத வேண்டும். மற்ற பிள்ளைகள் பேரங்காடிக்கும் செகிஞ்சான் அரிசி ஆலைக்கும் போனார்கள். யோகேஸ்வரி தன் தோட்டத்து ஆபீசுக்குப் போனாள். அங்கே கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்தவர் அவளைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர். மூன்று நாள் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் தான் செய்வதையெல்லாம் காட்டினார்.

அறிக்கையை ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கும்போது அவள் என் அறைக்கு வந்தாள்.

“மேடம், ஒம்பதாம் பக்கத்த மட்டும் பாருங்க. சரியா செஞ்சிருக்கேனான்னு தெரியல.”

பார்த்தேன். தோட்டத்துக் கிளினிக்கில் இருக்கும் மருத்துவ உதவியாளரைத் தோட்டத்தில் டிரெஸ்ஸர் என்பார்கள். உடம்புக்கு முடியாமல் யார் போனாலும் அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். சீட்டு ஆபீசுக்கு வரும், கிராணி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ‘காரணம்’ என்ற கட்டத்தைத் தட்டினால் ஒரு பட்டியல் இறங்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தலைவலி, வெட்டுக்காயம், மற்றவை. இந்த ஐந்தில் ஒன்றைத்தான் அமுக்க முடியும், வேறு எதையும் தட்டச்சு செய்ய முடியாது.

யோகேஸ்வரி சீட்டுகளையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை போட்டிருந்தாள். தேதி, பெயரின் முதல் எழுத்து, டிரெஸ்ஸர் எழுதியது, கம்ப்யூட்டரில் ஏறியது. டிரெஸ்ஸர் எழுதியிருந்தது: மருந்து கண்ணில் பட்டது. மருந்து வாடையில் மூச்சுத் திணறல். மருந்து டாங்கி ஒழுகி முதுகில் புண். கம்ப்யூட்டரில் ஏறியது: மற்றவை. மற்றவை. தலைவலி. மற்றவை. இப்படிப் பதினேழு வரிகள்.

“மாசா மாசம் ஹெட் ஆபீசுக்கு ரிப்போர்ட் போவுது மேடம். அதுல மருந்துனால பாதிப்புன்னு ஒரு கேசு கூட இல்ல. அதனால இந்தத் தோட்டம் ரொம்ப சேஃப்னு ஷீல்டு கூட குடுத்திருக்காங்க. ஆபீசு வாசல்ல மாட்டி வச்சிருக்காங்க.”

“கிராணி என்ன சொன்னார்?”

“‘நான் என்னம்மா செய்றது, பட்டியல்ல இல்லியே’ன்னாரு.”

பாடநூலில் நாற்பது பக்கம் சொல்வதை அவள் ஒரு பக்கத்தில் செய்திருந்தாள். தகவல் எந்த இடத்தில் செத்தது என்று விரல் வைத்துக் காட்டியிருந்தாள். அதுவரை ஒரு முதலாண்டுப் பிள்ளை எழுதி நான் படித்ததில் அதுதான் சிறந்தது. அவளிடமும் அப்படியே சொன்னேன். முகமெல்லாம் மலர்ந்து போனாள்.

நல்ல அறிக்கைகளைத் தொழில்துறை நாளில் காட்சிக்கு வைப்பது வழக்கம். அவளுடையதைத் தேர்ந்தெடுத்துத் துறைத் தலைவருக்கு அனுப்பினேன். அன்று மதியமே கூப்பிட்டார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சத்தமில்லாமல் பல உதவி செய்தவர். என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர்.

“இது எந்தக் கம்பெனி தோட்டம்னு தெரியுமா?” என்றார்.

தெரியும். நம் கணினிக்கூடத்தை அமைத்துக் கொடுத்த நிறுவனம். ஆண்டுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி இடம் தரும் நிறுவனம்.

“அவங்க டைரக்டர் வர்றாரு. அவர் கையில இந்தப் பக்கத்தக் குடுப்பீங்களா?”

“பிள்ள எழுதினது உண்மைங்க.”

“இருக்கலாம். நீங்க போய் செக் பண்ணீங்களா?”

அவர் மேசையில் இருந்த அறிக்கையைப் பார்த்தேன்.

“பண்ணல. அப்புறம் எப்படி லா? இது ஃபர்ஸ்ட் இயர் அசைன்மென்ட், ரிசர்ச் இல்ல. அந்தப் பக்கத்த மட்டும் எடுத்துடச் சொல்லுங்க, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நீங்களும் ஒருநாள் இந்த நாற்காலிக்கு முன்னால் நிற்பீர்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதிலும் இருந்தது. தோட்டம் இருபது நிமிடத்தில் இருந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊரிலிருந்து இருபது நிமிடம். மறுநாள் காலை காரை எடுத்துக்கொண்டு போய், டிரெஸ்ஸரைப் பார்த்து, சீட்டுக் கட்டை வாங்கிப் பார்த்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். ‘செக் பண்ணிவிட்டேன்’ என்று வந்து சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. போனால் உண்மை என்று தெரிந்துவிடும், தெரிந்தபிறகு அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்ல முடியாது. அதனால்தான் போகவில்லை. அன்று இதை இவ்வளவு தெளிவாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன்.

யோகேஸ்வரியைக் கூப்பிட்டேன். பாடத்தில் ‘முறைமையின் எல்லை’ என்று ஒன்று வரும். எது முறைமைக்கு உள்ளே, எது வெளியே என்று கோடு போடுவது. அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டேன்.

“நீ ஆய்வு செஞ்சது ஆபீஸ் கம்ப்யூட்டர். டிரெஸ்ஸர் கையால எழுதற சீட்டு அதோட எல்லைக்கு வெளியே வருது. அதனால ஒன்பதாம் பக்கம் இந்த அறிக்கையில சேராது.”

அவள் அறிக்கையை ஒன்பதாம் பக்கத்துக்குத் திருப்பினாள்.

“சீட்டு வெளியன்னா எங்கம்மா எங்க மேடம் வருவாங்க?”

“யோகேஸ்வரி, இது வெறும் அசைன்மென்ட்.”

“போன வாரம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே.”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க வராது.”

மறுநாள் அந்தப் பக்கம் இல்லாமல் அறிக்கையைக் கொண்டுவந்து வைத்தாள். முழு ‘ஏ’ கொடுத்தேன். அதை மதிப்பெண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதோடு விட்டிருந்தால் நான் கோழை மட்டும்தான். ஆனால் எனக்கு உறுத்தியது, உறுத்தலைப் போக்க ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும் என்று தோன்றியது. உறுத்தல் இருக்கும்போது செய்யும் நல்ல காரியங்களில் எச்சரிக்கையாக இருங்கள். அவற்றை நாம் நமக்காகச் செய்கிறோம்.

அந்த நிறுவனத்தின் கணினிப் பிரிவு அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். ‘உங்கள் மென்பொருளில் காரணப் பட்டியலில் ஒரு தெரிவு குறைகிறது. மருந்துப் பாதிப்பு என்று ஒன்றைச் சேர்த்தால் அறிக்கைகள் மேலும் துல்லியமாகும்’ என்று பக்குவமாக எழுதி, ஒன்பதாம் பக்கத்தை இணைத்தேன். அவர்கள் மனம் கோணக்கூடாதே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘இது ஒரு முதலாண்டு மாணவியின் பயிற்சி, விவரங்கள் சரிபார்க்கப்படவில்லை.’ யோகேஸ்வரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அட்டவணையில் பெயர் இல்லை, முதல் எழுத்துதானே என்று நினைத்தேன். மருந்தடிக்கும் கும்பலில் மொத்தமே ஒன்பது பெண்கள் என்பதும், முதல் எழுத்தே போதும் என்பதும் என் மண்டையில் ஏறவில்லை. தரவுப் பாதுகாப்பு என்று ஒரு முழு அத்தியாயம் நடத்தியவள் நான்.

இரண்டே நாளில் பதில் வந்தது. மிக்க நன்றி, உங்களைப் போன்றவர்களின் கருத்து எங்களுக்கு விலைமதிப்பற்றது. தொழில்துறை நாளில் டைரக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, மென்பொருளை மேம்படுத்திக்கொண்டிருக்கிறோம் என்றார். துறைத் தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் மாடிப்படியில் யோகேஸ்வரி என்னை நிறுத்தினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

“மேடம், அந்தப் பக்கத்த கம்பெனிக்கு அனுப்பினீங்களா?”

“ஆமா. பட்டியல்ல சேக்கச் சொல்லித்தான்…”

“கிராணிய கலும்பாங் பக்கம் வேற தோட்டத்துக்கு மாத்திட்டாங்க. டிரெஸ்ஸர் இனிமே சீட்டுல காரணம் எழுதக்கூடாதாம், எத்தன நாள் லீவுன்னு மட்டும்தான் எழுதணுமாம். காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல எல்லாரும் நிக்கிறப்போ மருந்துக் கும்பலோட மண்டோர் எங்கம்மாவ முன்னால கூப்பிட்டு, ‘உம் மவதானே எழுதிக் குடுத்தது?’ன்னு கேட்டாரு.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“ஆமான்னாங்க. அம்மாவுக்கு அடுத்த மாசம் உதிரிப்பழம் பொறுக்குற வேல தர்றதா இருந்திச்சு மேடம். மூச்சு வாங்குதுன்னு ரெண்டு வருசமா கேட்டு, இப்பத்தான் சரின்னாங்க. இப்ப இல்லன்னுட்டாங்க. மருந்துதான் அடிக்கணுமாம்.”

ஒரு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள்.

“பட்டியல்ல புதுசா ஒண்ணு சேத்திருக்காங்க” என்றாள்.

“என்னது?”

“‘சொந்த உடல் கோளாறு.’ இப்ப எல்லாம் அதுலதான் ஏறுது.”

சொல்லிவிட்டு, “வரேன் மேடம்” என்று இறங்கிப் போனாள். அதன்பிறகு அவள் என் வகுப்பு எதிலும் சேரவில்லை. இரண்டாம் ஆண்டில் நான் எடுத்த விருப்பப் பாடத்தை மற்றவர்கள் எடுத்தார்கள், அவள் எடுக்கவில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் தலையசைப்பாள்.

துறைத் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பெருமூச்சு விட்டார். “உங்கள யாரு மெயில் அனுப்பச் சொன்னது?” என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். நாம் தலையிட்டால் இன்னும் மோசமாகும் என்றும் சொன்னார். அதை நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பாக்கியம் இன்னும் இரண்டு ஆண்டு மருந்தடித்தார். முதுகில் டாங்கி, முகத்தில் துணி. அந்த இரண்டு ஆண்டும் நான் வாரம் மூன்று வகுப்பு எடுத்தேன். என் எடுத்துக்காட்டுகளுக்குப் பிள்ளைகள் வழக்கம்போல் சிரித்தார்கள்.

என் கடைசிப் பருவத்தில் யோகேஸ்வரி மறுபடியும் என் அறைக் கதவைத் தட்டினாள். அப்போது அவள் மூன்றாம் ஆண்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அம்மா வேலைக்காட்டில் மயங்கி விழுந்துவிட்டார். அரசாங்க மருத்துவமனையில் நுரையீரல் இறுகிப்போயிருக்கிறது என்றார்கள். எத்தனை வருடம் மருந்தடித்தீர்கள் என்று அந்த டாக்டரே கேட்டு, வேலையால் வந்த நோய் என்று விண்ணப்பிக்கச் சொல்லித் தாளும் எழுதிக்கொடுத்தார். அது நிரூபணமானால்தான் உடல் திறன் இழந்தவருக்கான உதவித்தொகையும், தொடர் சிகிச்சையும், வீட்டுக்கு ஆக்சிஜன் இயந்திரமும் கிடைக்கும். விண்ணப்பத்தை விசாரிக்கும் மருத்துவக் குழுவுக்குக் கிளினிக் பதிவு வேண்டும். தோட்டத்து ஆபீசில் அச்செடுத்துக் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாக, சொந்த உடல் கோளாறு. அதற்கு முந்தியவை, மற்றவை.

“பழைய சீட்டெல்லாம்?”

“எரிச்சிட்டாங்களாம், எடம் இல்லன்னு. என் லேப்டாப்பும் செத்துப்போச்சு. அந்த ஒம்பதாம் பக்கம் இப்ப உங்க மெயில்ல மட்டும்தான் மேடம் இருக்கு.”

அப்போதே கணினியைத் திறந்து அச்செடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இது கல்லூரி மெயில். ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தரேன்.” ஓய்வுக்குப் பிறகு பகுதிநேரமாக என்னை வைத்துக்கொள்ளும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. கேட்டேன். நிர்வாகம் சட்டப் பிரிவைக் கேட்கும் என்றார்கள், சட்டப் பிரிவு யோசிக்கும் என்றார்கள். மூன்று வாரம் போயிற்று. யோகேஸ்வரி ஒருமுறைகூட நினைவுபடுத்தவில்லை. மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, அனுமதி வராமலேயே, அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். “நானே வந்து மருத்துவக் குழு முன்னால சொல்றேன்” என்றும் சொன்னேன். அதைத் துணிச்சல் என்று நினைத்தேன்.

விசாரணை ஷா ஆலமில். வெளியே நாற்காலியில் பாக்கியம் உட்கார்ந்திருந்தார். அவரை அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். என்னைவிட எட்டு வயது இளையவர், என் அக்கா போல இருந்தார். ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

“நீங்கதான் அந்த மேடமா? எம் மவ மொத வருசம்… வீட்டுக்கு வந்தா ஒங்க கிளாசப் பத்தியேதான்… பேசுவா. ஆறாம் மேசைக்குக் காரம் ஆகாதுன்னு… சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.”

யோகேஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே மூன்று டாக்டர்கள். தலைமை தாங்கிய பெண் டாக்டர் மரியாதையாகப் பேசினார். நான் கொடுத்த தாள்களைப் பொறுமையாகப் படித்தார். அச்செடுத்தபோது மின்னஞ்சலோடு சேர்த்து எடுத்திருந்தேன், எப்போது அனுப்பியது என்று தேதி தெரிய வேண்டுமே என்று. அவர் கடைசி வரியில் பேனாவை வைத்தார்.

“விவரங்கள் சரிபார்க்கப்படவில்லை என்று இருக்கிறதே. இதை எழுதியது நீங்களா?”

“ஆம்.”

“அதன்பிறகு சரிபார்த்தீர்களா?”

“இல்லை.”

“மாணவியின் அறிக்கையில் இந்தப் பக்கம் ஏன் இல்லை?”

“நான் எடுக்கச் சொன்னேன்.”

“ஏன்?”

முறைமையின் எல்லை பற்றி அந்த அறையில் பேச என்னால் முடியவில்லை. அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. யார் பதிந்தார், யார் சரிபார்த்தார் என்று கேட்டார், அவ்வளவுதான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் எழுதியிருந்தார்கள்: வேலையோடு தொடர்புபடுத்தும் உறுதியான பதிவு இல்லை.

மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. நான் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தேன். அந்த வரியை நிறுவனத்தின் மனம் கோணாமலிருக்க எழுதினேன், உண்மையைச் சந்தேகித்து அல்ல என்று. கல்லூரி என்னைப் பகுதிநேரமாக வைத்துக்கொள்ளவில்லை. அதைத் தியாகம் என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்குச் சொந்த வீடு இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, நல்ல மூச்சு இருக்கிறது.

மேல்முறையீட்டு நாளன்று போனபோது, பாக்கியத்தின் பக்கத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப்பையில் இரண்டு பேனா. யோகேஸ்வரி கலும்பாங் வரை போய்த் தேடிப் பிடித்த அந்தக் கிராணி. அதே நிறுவனத்தில்தான் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தார்.

“உங்களுக்குப் பிரச்சனை வராதா?” என்று கேட்டேன்.

“வரும்” என்றார். “இன்னும் நாலு வருசம் சர்வீஸ் இருக்கு. வீட்டுல திட்டினாங்க.” பிறகு, எனக்குப் புரியவில்லையோ என்று நினைத்தவர்போல, “அமுக்கினது நாந்தானே மேடம். வேற யாரு வந்து சொல்றது?” என்றார்.

உள்ளே அவர் அரை மணி நேரம் பேசினார். அவரிடம் தாள் எதுவும் இல்லை. எந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது, எதற்கு எதை அமுக்கினார் என்று வரிசையாகச் சொன்னார். ஒன்பதாம் பக்கத்தை அவரிடம் காட்டாமலே கேட்டார்கள். அவர் சொன்னதில் பன்னிரண்டு, யோகேஸ்வரியின் அட்டவணையோடு பொருந்தியது. நினைவில்லாததை நினைவில்லை என்றார். “ஏன் அப்போதே மேலிடத்தில் சொல்லவில்லை?” என்று ஒரு டாக்டர் கேட்டதற்கு, “பயந்துட்டேன் டாக்டர்” என்றார் மலாயில். அதற்குமேல் விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. என் சத்தியப் பிரமாணம் மூன்று பக்கம். அதில் ‘சூழ்நிலை’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை உங்களிடம் சொல்லப்போவதில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வேலையால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டார்கள். பாக்கியத்துக்கு இயந்திரம் வந்தது, நிபுணர் பார்க்கிறார். ஆனால் இறுகிய நுரையீரல் இளகாது என்று அந்த நிபுணரே சொல்லிவிட்டார். உதிரிப்பழ வேலைக்கு அப்போதே போயிருந்தால் என்று நிபுணரிடம் நான் ஆரம்பித்தேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். கிராணியை மூன்றாவதாக இன்னொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். மென்பொருளில் பட்டியல் இப்போது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. யோகேஸ்வரி பட்டம் முடித்துவிட்டாள்.

உங்களிடம் சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். பிள்ளைகள் கொண்டுவருவதை நம்ப முடியவில்லை என்றால் போய்ப் பாருங்கள். உங்களைக் கேட்காமல் யாரும் உங்களைப் பற்றி எழுதினால் பொறுப்பீர்களா என்று யோசித்துவிட்டு, பிறகு மற்றவர் பெயரை அனுப்புங்கள். பாடத்தில் உள்ள ஒரு சொல் உங்கள் பயத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தினால், அன்று வகுப்பை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். பாராட்டுக் கடிதம் சீக்கிரம் வந்தால் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, நாம் அப்படிச் செய்ய மாட்டோம் என்று நினைப்பீர்கள். நானும் அப்படிப்பட்டவள் என்று என்னை நினைத்ததில்லை.

மேல்முறையீட்டு நாளைப் பற்றி இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. பேசி முடித்து நால்வரும் வெளியே வந்தோம். நல்ல வெயில். கார் நிறுத்துமிடத்தில் பாக்கியம் ஒரு தூணில் சாய்ந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டார். யோகேஸ்வரி தன் தண்ணீர்ப் போத்தலை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கிராணியைப் பார்த்து, “மாமா, சாப்பிட்டுட்டுப் போலாம் வாங்க. கலும்பாங் வரைக்கும் மோட்டார் ஓட்டணும்” என்றாள்.

பாக்கியம் என் பக்கம் திரும்பினார். “மேடமும்… வரட்டுமே.”

“மேடத்துக்கு நேரமாயிரும்மா” என்றாள் யோகேஸ்வரி. மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகியிருந்தது. அன்று முழுக்க எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

“ஆமா, நேரமாயிருச்சு” என்றேன்.